பிள்ளைகள் விளையாடும் மண்ணை யார் சோதிப்பது?

புதுக்கோட்டை நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு குடியிருப்புக்கு மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நாங்கள் போவதுண்டு. ஒரு பக்கம் காயலான் கடை. மறுபக்கம் பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டி மூடிய மேடு. இரண்டுக்கும் நடுவில் வீடுகள். ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்த ஒன்றரை வயதுப் பேரன் மண்ணை அள்ளி வாயில் போட்டான். அவன் கையைத் தட்டிவிட்ட அப்பத்தா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாப் பிள்ளையும் மண்ணைத் தின்னுதானே தம்பி வளருது? மண்ணு என்ன செஞ்சிடப் போவுது?"

வயற்காட்டு மண் என்றால் அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். பூச்சி மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால், அந்த வாசலிலிருந்து சில அடி தூரத்தில் இரண்டு பேர் பழைய பேட்டரிகளைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, செம்புக் கம்பியை எடுப்பதற்காக ஒயரைக் கொளுத்திய கரிந்த இடம் இருந்தது. அந்த மண் என்ன செய்யும் என்று அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மக்காத குப்பை

வாழை இலை, சாணம், காகிதம் எல்லாம் மண்ணில் விழுந்தால் மக்கிப்போகும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் மக்காது. வெயிலிலும் மழையிலும் அழியாது. தாத்தா காலத்தில் மண்ணில் விழுந்தது பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். தூசியோடு பறக்கும், மழைநீரோடு பள்ளத்துக்கு ஓடும், கீரையில் ஏறும், கிணற்றுக்கும் போகலாம்.

இவை எங்கிருந்து வருகின்றன? வாகன பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. இது காரீயம். பேட்டரியை உடைத்து ஆசிட்டைத் தரையில் கொட்டும்போது ஈயமும் சேர்ந்து மண்ணில் இறங்குகிறது. உடைத்த தகடுகளை உருக்கும்போது புகையாகிச் சுற்றுவட்டாரத்தில் படிகிறது. பழைய ஒயரைக் கொளுத்தினாலும் இதே கதைதான். செல்போன், டிவி, கம்ப்யூட்டர் பலகைகளில் ஈயம் இருக்கிறது. சிலவகை ரீசார்ஜ் பேட்டரிகளில் காட்மியம், உடைந்த டியூப் லைட்டில் பாதரசம், தோல் பதனிடும் கழிவில் குரோமியம் இருக்கின்றன. பழைய வீட்டின் பெயின்ட் உதிர்ந்தால் அதிலும் ஈயம் இருக்கக்கூடும். பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் பெட்ரோல் வண்டிகள் ஓடிய சாலையோரங்களில் படிந்த ஈயம் மண்ணைவிட்டுத் தானாகப் போய்விடாது.

பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது?

ஈயம் உடலுக்குள் போவதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழியே போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். கீழே விழுந்த மிட்டாயை எடுத்துத் தின்னும். மண்ணும் தூசியும் அப்படித்தான் வயிற்றுக்குள் போகின்றன.

உள்ளே போன ஈயம் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. பிள்ளைக்குக் கவனம் நிற்காது, படித்தது மனதில் தங்காது, எரிச்சல் வரும், வயிறு வலிக்கும், ரத்தசோகை வரும். இதில் எதைப் பார்த்தாலும் ஈயம் என்று யாருக்கும் தோன்றாது. "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். நம் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்வதற்கு ஏற்கெனவே பலர் தயாராக இருக்கிறார்கள். மண்ணில் இருக்கும் நஞ்சின் பழி, பிள்ளையின் பிறப்பின் மேல் போய் விழுகிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக உள்ள உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. சத்தான சாப்பாடு கிடைக்காத பிள்ளைக்குத்தான் பாதிப்பு அதிகம். ரத்தசோகையுள்ள பிள்ளைகளுக்கு மண் தின்னும் பழக்கமும் இருக்கும். உடலில் சேரும் ஈயம் எலும்பில் போய்த் தங்கும். அந்தப் பெண்பிள்ளை வளர்ந்து கருவுறும்போது எலும்பிலிருந்து ரத்தத்தில் கலந்து வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் போகும்.

2020 ஜூலையில் யுனிசெஃப், 'பியூர் எர்த்' என்ற அமைப்புடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 3 குழந்தைகளில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருப்பதாக அது மதிப்பிட்டது. அவர்களில் மிக அதிகமானோர் இந்தியக் குழந்தைகள். முறைசாரா இடங்களில் பேட்டரி உடைப்பதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொன்னது.

டக்காரில் நடந்தது

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரம் டக்கார். அங்கே தியாரோய் என்ற மீனவர் பகுதி. ஏழை மக்கள் பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்துப் பிழைத்தார்கள். உடைத்த கழிவு மணலோடு கலந்து கிடந்தது. ஈயத்தின் விலை ஏறியபோது, அந்த மண்ணையே விலைக்கு வாங்க ஆள் வந்தது. பெண்கள் மண்ணைத் தோண்டிச் சலித்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்தார்கள். பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடினார்கள்.

2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான 5 மாதங்களில் அந்தப் பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள். தொடக்கத்தில் காரணம் யாருக்கும் புரியவில்லை. இறந்த பிள்ளைகளின் சகோதரர்கள், தாய்மார்களின் ரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் மிக அதிகமாக இருந்தது. அந்தத் தாய்மார்கள் செய்த தவறு என்ன? பிள்ளைகளுக்குச் சோறு போட வேலைக்குப் போனதுதான்.

கொடைக்கானலும் ராணிப்பேட்டையும்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் ஊருக்குள்ளேயே ஒரு காயலான் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்துப் போராடினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் வந்தது. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வாதம் அதற்குப் பிறகும் நீண்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்றது நிர்வாகத் தரப்பு. வெளிநாட்டில் இதைவிடக் கடுமையான அளவு இருக்க, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அளவு என்று கேட்டார்கள் மக்கள்.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்டு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். 2006இல் உலகின் மிக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலை பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்டபோது ராணிப்பேட்டை அதில் இருந்தது. அதே ஊரில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்.

ஏன் நம் தெருவில்?

சில கேள்விகளை நம் ஊரிலேயே கேட்டுப் பார்க்கலாம். குப்பைக் கிடங்கு எங்கே இருக்கிறது? சுடுகாட்டுக்கு இடம் எங்கே ஒதுக்கினார்கள்? சாக்கடை கடைசியில் எங்கே போய் முடிகிறது? இறைச்சிக் கழிவை எங்கே கொட்டுகிறார்கள்? பெரும்பாலான ஊர்களில் விரல் ஒரே திசையைக் காட்டும். குப்பை அள்ளும் வேலையும் பிரிக்கும் வேலையும் எந்தச் சாதிக்கு என்பதும் அப்படித்தான். ஊர் ஒதுக்குகிற பொருளும் ஊர் ஒதுக்கிவைத்த மக்களும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறார்கள். கையுறை இல்லாமல் குப்பையைக் கிளறிவிட்டு வரும் அப்பாவின் சட்டையோடு அந்தத் தூசியும் வீட்டுக்குள் வருகிறது. ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் மகள் மேலும் ஒட்டுகிறது.

உலகத்தில் ஒதுக்கப்பட்ட மக்கள் எல்லோருக்கும் இது தெரிந்த கதை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கிழக்கு சிகாகோ நகரில், ஈயம் சுத்திகரித்த பழைய ஆலை நிலத்தின் மேல் 1970களில் அரசு ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2016இல்தான், "மண்ணில் ஈயம் அதிகம், எல்லோரும் வெளியேறுங்கள்" என்று கடிதம் வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வீட்டை இழந்தார்கள். இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடி வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

அதே நாட்டில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தைப் பார்த்து நச்சு ரசாயனம் கலந்த மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து புதைத்தார்கள். 1982இல் அந்த லாரிகளின் முன்னால் மக்கள் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். சுற்றுச்சூழல் நீதி என்ற சொல்லை உலகம் பேசத் தொடங்கியது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான்.

மண்ணுக்கு ஏணி இல்லை

நம் மாவட்டத்துக்கு வேங்கைவயலை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மலம் மிதந்தது. நாடே அதிர்ந்தது. தண்ணீரில் கலந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மூக்கால் அறிய முடிந்தது.

ஈயத்துக்கு நிறம் தெரியாது, வாடை வராது. பிள்ளை அடுத்த நாளே வாந்தி எடுக்காது. பத்து ஆண்டு கழித்துப் பள்ளியைவிட்டு நிற்கும். ஏறிப் பார்க்க மண்ணுக்கு ஏணி இல்லை. சோதனை ஒன்றுதான் வழி.

சரி, மண்ணைச் சோதிக்கிறார்களா? விவசாயிகளின் வீட்டில் மண்வள அட்டை இருக்கும். 2015 முதல் கொடுக்கிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்து தொடங்கி 12 அம்சங்கள் அதில் உண்டு. துத்தநாகமும் செம்பும்கூட உண்டு, பயிருக்குத் தேவை என்பதால். ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, பாதரசம் இல்லை. அந்த அட்டையும் நிலம் உள்ளவருக்குத்தான். குடியிருப்பு வாசலுக்கும், அங்கன்வாடி முற்றத்துக்கும், குப்பைமேட்டு ஓரத்துக்கும் அட்டை கிடையாது. பயிருக்கு என்ன குறை என்று மண்ணைக் கேட்கும் அரசு, பிள்ளைக்கு என்ன கேடு என்று இன்னும் கேட்கவில்லை.

புதிய விதி, பழைய ஓட்டை

2025 ஜூலையில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. நச்சுக் கழிவால் மண்ணோ நிலத்தடி நீரோ கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் 6 மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்டமாக ஆராய வேண்டும். அதற்கடுத்த 3 மாதங்களில் விரிவாக ஆய்வு செய்து, மாசடைந்த இடமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே உறுதிசெய்த கொள்கைதான் இது.

நாடு முழுவதும் இப்படிக் கண்டறிந்த இடங்கள் 103. விதி வந்த நேரத்தில் சுத்திகரிப்பு தொடங்கியிருந்தவை 7 மட்டுமே.

விதியில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. குப்பைக் கிடங்கின் திடக்கழிவால் கெட்ட இடங்கள் இந்த விதிக்குள் வராது. அதற்குத் தனிச் சட்டம் உண்டு என்கிறார்கள். நம் மக்கள் அதிகம் வாழ்வதும் வேலை செய்வதும் குப்பைமேட்டின் ஓரத்தில். அதே மேடுதான் விதிக்கு வெளியே நிற்கிறது. ஆனால், பேட்டரி உடைக்கும் இடம், ஒயர் கொளுத்தும் இடம், மூடிக் கிடக்கும் பட்டறை ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கக் கோரலாம். நாம் கேட்காமல் நம் தெருவின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலின மக்களின் வீட்டு வாசலில் கழிவைக் கொட்டுவதைக் குற்றம் என்கிறது. அக்கம்பக்கத்தில் கொட்டினால், தீங்கு செய்யும் அல்லது அவமதிக்கும் உள்நோக்கம் இருந்ததா என்று பார்க்கிறது. 50 ஆண்டுகளாக வழக்கம்போல ஒரு தெருவின் பக்கம் குப்பை லாரி திரும்புகிறதே, அதற்கு உள்நோக்கத்தை யார் நிரூபிப்பது? வழக்கமே அங்கு சாதியின் வேலையைச் செய்துவிடுகிறது.

கிராமத்துக்கு இதில் என்ன?

நகரத்து மண்தானே என்று கந்தர்வகோட்டையிலோ ஆலங்குடியிலோ இருப்பவர்கள் விட்டுவிட முடியாது. 2024இல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனது. நகரம் பெருகினால் குப்பையும் பெருகும். அதைக் கொட்டும் இடம் ஊராட்சிகளை நோக்கி நகரும். நகரக் குப்பையிலிருந்து தயாராகும் உரம் வயலுக்கு வருகிறது. அந்த உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேலும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. வாங்கும்போது சோதனைச் சான்று கேட்பது நம் உரிமை. பிரிக்காத குப்பையை எருவென்று வண்டியில் அள்ளி வந்து வயலில் கொட்டுவது ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

வீட்டளவில் சில காரியங்கள் உதவும். சாப்பிடும் முன் பிள்ளையின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீட்டைக் கூட்டுவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. குப்பை வேலை, பேட்டரி வேலை செய்து வருபவர்கள் உடையை மாற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டின் அருகில் ஒயர் கொளுத்த விடாதீர்கள். குப்பைமேட்டு ஓரத்தில் கீரை போடாதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை ஆகியவை உடலுக்கு இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் தரும். ரத்தசோகை மாத்திரை கொடுத்தும் தேறாத பிள்ளை இப்படிப்பட்ட இடத்தில் வளர்கிறது என்றால், அதை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கக் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டால் தீர்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. நஞ்சைக் கொட்டியவரையும் கொட்ட விட்டவரையும் விட்டுவிட்டுத் தாயைக் கை கழுவச் சொல்வது நீதி ஆகாது. அதனால்தான் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

பட்டா கொடுப்பதற்கும், தொகுப்பு வீடு கட்டுவதற்கும், அங்கன்வாடி அமைப்பதற்கும் முன் அந்த இடத்து மண்ணைக் கன உலோகங்களுக்காகச் சோதிக்க வேண்டும். குப்பைக் கிடங்கு, காயலான் கடைகளை ஒட்டிய குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் அரசு செலவில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முடிவைக் குடும்பத்தாரிடம் எழுத்தில் தர வேண்டும். பேட்டரி உடைத்துப் பிழைப்பவர்களை விரட்டாமல், பாதுகாப்பான இடத்தில் மாற்று வேலை தர வேண்டும். குப்பைமேடுகளையும் மாசடைந்த இடங்களுக்கான விதிக்குள் கொண்டுவர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். காயலான் கடை, ஒயர் கொளுத்தும் இடம், குப்பைமேடு, பழைய பட்டறை, குடிநீர்க் குழாய், அங்கன்வாடி, பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். எத்தனை அடி தூரம் என்று எழுதுங்கள். மேலே இப்படி எழுதலாம்: "இந்த இடத்தின் மண்ணில் ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து முடிவைத் தெரிவிக்கவும். மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடங்களின் பட்டியலில் இதைச் சேர்க்கவும்." அதை கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பயிருக்கு மண் எடுப்பதுபோல 'வி' வடிவில் ஆழமாகக் குழி வெட்டினால் போதாது. பிள்ளையின் கை படும் மேல்மண்ணை, மேலே இருக்கும் ஓர் அங்குலத்தைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரில் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுத் தண்ணீர் நமக்கும் உரியது என்பதை நிலைநாட்டத் தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது. நஞ்சில்லாத மண்ணும் அதே போன்ற உரிமைதான்.

அந்த அப்பத்தாவிடம் அடுத்த முறை போகும்போது நாங்கள் இதைத்தான் சொல்லப் போகிறோம்: மண் ஒன்றும் செய்யாது அப்பத்தா. அதில் மற்றவர்கள் கொட்டியது செய்யும். எவ்வளவு கொட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள்.